சென்னையின் அணியை வெளிநாட்டுப் பெயர்களை வைத்து எடை போடாதீர்கள்

வியாசர்பாடி
8.9.2024

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வியாழக்கிழமை உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கால்பந்து முன்னோட்டம் வந்திருந்தது. 13 அணிகளுக்கும் சேர்த்துக் கால் பக்கம். ஒவ்வொரு அணிக்கும் எதிரே புதிதாக வந்திருக்கும் வெளிநாட்டு வீரர்களின் பெயர், அவர்கள் முன்பு எங்கே ஆடினார்கள் என்ற விவரம், அதை வைத்து ஒரு கணிப்பு. நம்ம சென்னையின் எஃப்சிக்கு மூன்று வரி எழுதி, ஒன்பதாவது இடம் என்று முடித்துவிட்டீர்கள். நேற்று விநாயகர் சதுர்த்தி, கடைக்கு லீவு. சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து அந்தப் பக்கத்தை இன்னொரு தடவை படித்தேன். மனசு கேட்கவில்லை. இந்தக் கடிதம் கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐஎஸ்எல் ஆட்டத்தில் ஓர் அணிக்கு ஒரே நேரத்தில் நாலு வெளிநாட்டு வீரர்கள்தான் மைதானத்தில் இருக்கலாம். மீதி ஏழு பேர் இந்தியர்கள். ஏழு பேரைப் பற்றி ஒரு வார்த்தை எழுதாமல் நாலு பேரை வைத்து இடம் குறித்துவிட்டீர்கள். பத்து வருஷமாக இந்த லீக்கைப் பார்க்கிறேன். கோப்பை தூக்கிய அணிகளை எல்லாம் ஒன்றொன்றாக நினைத்துப் பாருங்கள். நல்ல வெளிநாட்டு வீரர் எல்லாரிடமும் இருந்திருக்கிறார். அந்த ஏழு பேர் யாரிடம் உருப்படியாக இருந்தார்களோ அவர்கள்தான் கடைசி வரை நின்றிருக்கிறார்கள்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எனக்கு இங்கே வியாசர்பாடியில் ஜெர்சி பிரிண்டிங் கடை. 17 வருஷமாகிறது. இந்தப் பக்கத்தில் நடக்கிற ஃபைவ்ஸ், செவன்ஸ் டோர்னமென்ட்டுக்கு வருகிற டீம்களில் பாதிக்கு நான்தான் பெயரும் நம்பரும் போட்டுக் கொடுக்கிறேன். வினைல் ஷீட்டில் எழுத்தை வெட்டி, ஓட்டைக்குள் மாட்டியிருக்கும் துண்டுகளை ஊசியால் எடுத்து, ஹீட் பிரஸ்ஸில் வைத்து 150 டிகிரியில் 15 விநாடி அழுத்த வேண்டும். எடுத்த உடனே மேல் தாளை உரித்தால் எழுத்தின் ஓரம் தூக்கிக்கொள்ளும். ஆறவிட்டுத்தான் உரிக்க வேண்டும். அது ஆறுகிற நேரத்தில் பசங்கள் கடை வாசல் படியில் உட்கார்ந்து ஃபுட்பால் பேசுவார்கள். எந்த டீமில் யார் பேக் ஆடுகிறான், யாருக்கு முட்டி போய்விட்டது, எந்த கோலி கார்னருக்கு வெளியே வரப் பயப்படுகிறான் எல்லாம் அந்தப் படியில் தெரிந்துவிடும். நான் இங்கே எழுதுவதில் பாதி என் கண்ணால் பார்த்தது, பாதி அந்தப் படியில் கேட்டது.

என் ஆர்டர் நோட்டில் 2018 மார்ச் மாதப் பக்கத்தை இன்னும் எடுத்துப் பார்ப்பேன். அந்த மார்ச் 13ஆம் தேதி நேரு ஸ்டேடியத்தில் கோவாவுடன் அரையிறுதி இரண்டாம் ஆட்டம். கோவாவில் 1-1. இங்கே 3-0 என்று அடித்தோம். ஜெஜே லால்பெக்லுவா இரண்டு, தன்பால் கணேஷ் ஒன்று. கணேஷ் வியாசர்பாடிப் பிள்ளை. இந்தத் தெருக்களில் ஓடி வளர்ந்தவர் நடு மைதானத்தில் சென்னைச் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கிறார், அரையிறுதியில் கோலும் போடுகிறார். அடுத்த நாள் காலையில் நான் ஷட்டரைத் தூக்குகிறதற்கு முன்பே நாலு பையன்கள் நின்றார்கள். 'அண்ணா, கணேஷ் பேர் போட்டுக் குடுங்க.' அந்த வாரம் மட்டும் 14 ஜெர்சியில் அந்தப் பெயரை அழுத்தினேன். மார்ச் 17ஆம் தேதி பெங்களூரிலேயே பெங்களூரை 3-2 என்று ஜெயித்து இரண்டாவது கோப்பை வந்தது. ஆட்டம் தொடங்கி ஒன்பதாவது நிமிஷத்தில் சுனில் சேத்ரி கோல் போட்டுவிட்டார். அப்புறம் மைல்சன் ஆல்வெஸ் தலையால் முட்டிய இரண்டு, ரஃபேல் அகஸ்டோ ஒன்று. அந்த இரவு எங்கள் தெருவில் யாரும் தூங்கவில்லை.

அடுத்த சீசன் கணேஷ் முட்டிக் காயத்தால் ஆடவே இல்லை. சாம்பியன் அணி கடைசி இடத்தில் முடிந்தது. 18 ஆட்டத்தில் 9 புள்ளி. தோற்றதற்குக் காரணம் பல இருக்கும். ஆனால் பின்வரிசைக்கு முன்னால் சுவர் மாதிரி நிற்க ஓர் ஆள் இல்லாமல் போனதை நான் ஸ்டாண்டில் உட்கார்ந்து ஆட்டத்துக்கு ஆட்டம் பார்த்தேன். பந்து நடுவில் கை மாறினால் நேராக நம்ம ஸ்டாப்பர்கள் மேல் வந்து விழும். அந்த இடத்தை நிரப்ப எந்தப் பெரிய வெளிநாட்டுப் பெயராலும் முடியவில்லை.

இன்னொன்று. 2020 பிப்ரவரி 29, அதுவும் அரையிறுதி, அதுவும் கோவா, அதே ஸ்டேடியம். 4-1 என்று ஜெயித்தோம். அன்றைக்கு கோல் போட்டவர்களில் இருவர் அனிருத் தாபா, லாலியன்சுவாலா சாங்டே. இருவரும் சின்னப் பிள்ளைகள். பி ஸ்டாண்டில் டிரம் அடித்தவர்கள் கை ஓயவில்லை. கொரோனாவுக்கு முன்னால் நாங்கள் பார்த்த கடைசி ஆட்டம் அதுதான் என்று அப்போது யாருக்குத் தெரியும்? இறுதி ஆட்டம் கோவாவில் ஆளில்லாத மைதானத்தில் நடந்தது, கொல்கத்தாவிடம் 3-1 என்று தோற்றோம். அதற்கப்புறம் இரண்டு சீசன் முழுக்க கோவாவிலேயே. சென்னையில் மறுபடி ஆட்டம் பார்க்க 2022 அக்டோபர் ஆகிவிட்டது. அதற்குள் சாங்டே மும்பை போய்விட்டார், அங்கே 2022-23இல் லீக்கின் சிறந்த வீரர் பரிசு வாங்கினார். தாபா நம்ம கேப்டன், 2016இலிருந்து இங்கே இருந்தவர். 2023இல் மோகன் பகான் போனார், போன உடனே, லீக் பட்டியலில் முதலிடம் பிடிக்கிற அணிக்குக் கொடுக்கிற ஷீல்டை வாங்கிவிட்டார். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆடுகிற வயசு கொஞ்ச காலம்தான், நல்ல இடம் கிடைத்தால் போகத்தான் செய்வார்கள். என் வருத்தம் எல்லாம் நம்ம கிளப் மேல்தான். நாற்று விட்டு வளர்த்துக் கொடுத்தது நாம், அறுத்துக்கொண்டு போனது மற்றவர்கள்.

சரி, இந்த வருஷத்துக்கு வருகிறேன்.

போன சீசனில் நம்ம அணி ஆறாவது. 22 ஆட்டத்தில் 8 வெற்றி, 3 டிரா, 11 தோல்வி, 27 புள்ளி. ஏழாவதாக வந்த நார்த் ஈஸ்ட் 26 புள்ளி. ஒரே ஒரு புள்ளியில், முதல் ஆறு அணிகள் போகிற பிளேஆஃப் கிடைத்தது. முதல் மூன்று ஆட்டத்தையும் தோற்றோம். கொச்சியில் கேரளாவுடன் 24 நிமிஷத்துக்குள் 3-1 என்று முன்னால் இருந்துவிட்டு 3-3 என்று விட்டுக்கொடுத்தோம். அந்த ஆட்டத்தை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. ஆனால் மார்ச் 31ஆம் தேதி கொல்கத்தா சால்ட் லேக் ஸ்டேடியத்தில் மோகன் பகானை 3-2 என்று அடித்ததும் இதே அணிதான். 94ஆவது நிமிஷம் பெனால்டியில் அவர்கள் சமன் செய்த பிறகு, 97ஆவது நிமிஷம் இர்ஃபான் யாட்வாட் கோல் போட்டார். அடுத்த வாரமே நார்த் ஈஸ்டை இங்கே கடைசி நேர கோலில் ஜெயித்து உள்ளே போனோம். அப்புறம் கோவாவில் 2-1 என்று தோற்று வெளியே வந்தோம், மூன்று கோலும் முதல் பாதியிலேயே விழுந்துவிட்டது. இரண்டாம் பாதி முழுக்க முட்டிப் பார்த்தும் ஒன்று கிடைக்கவில்லை.

இதில் எனக்குத் தெரிந்தது இதுதான். பதினொரு பேர் ஓரளவு சரியாக இருந்தார்கள். பெஞ்சில்தான் ஆள் இல்லை. எழுபதாவது நிமிஷத்தில் ஒருவருக்கு மூச்சு வாங்கினால் அவர் இடத்தில் இறக்குவதற்கு அதே தரத்தில் இன்னொருவர் இருக்க வேண்டும். போன வருஷம் அது இல்லை. இந்தக் கோடையில் கோச் ஓவன் காய்ல் அதைத்தான் சரிசெய்திருக்கிறார், உங்கள் மூன்று வரியில் அது வரவே இல்லை.

யார் யார் வந்திருக்கிறார்கள் பாருங்கள். மோகன் பகானிலிருந்து கியான் நசிரியும் லால்ரின்லியானா நாம்தேவும். கியான் 2022 ஜனவரியில் ஈஸ்ட் பெங்காலுக்கு எதிரான கொல்கத்தா டெர்பியில் மாற்று ஆளாக இறங்கி மூன்று கோல் போட்டவர். அவர் அப்பா ஜம்ஷித் நசிரி ஈரானிலிருந்து கொல்கத்தாவுக்கு வந்து ஆடிப் பெயர் வாங்கியவர். நாம்தே நடு மைதானத்தில் பந்தைப் பிடுங்குகிற ரகம். ஜாம்ஷெட்பூரிலிருந்து ஜிதேந்திர சிங், லால்தின்புயா. மும்பையிலிருந்து கோல் கீப்பர் நவாஸ், முன்வரிசைக்கு குர்கிரத். ஈஸ்ட் பெங்காலிலிருந்து மந்தார் ராவ் தேசாய், அப்புறம் எட்வின் சிட்னி வான்ஸ்பால்.

எட்வினைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நெய்வேலிக்காரர். 2018-19இல் கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில் ஆடிய சென்னை சிட்டி அணி ஐ-லீக் என்ற இன்னொரு தேசிய லீக்கின் சாம்பியன் ஆனதே, அந்த அணியில் இருந்தவர். கடைசி ஆட்டத்தில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று ஜெயித்து, தமிழ்நாட்டிலிருந்து ஓர் அணி முதல் தடவையாக அந்தக் கோப்பையை எடுத்தது. அப்புறம் சென்னையின் அணிக்கு வந்து நாலு சீசன், ஒரு வருஷம் கொல்கத்தா, இப்போது மறுபடி வீடு திரும்பியிருக்கிறார். ரைட் பேக்கிலும் ஆடுவார், நடுவிலும் ஆடுவார். டிவியில் பார்க்கிறவர்களுக்கு அவர் செய்வது அவ்வளவாகத் தெரியாது. ஸ்டேடியத்தில் பந்து இல்லாத இடத்தைப் பார்த்தால் தெரியும். விங் ஏறிப் போனவன் விட்டுவிட்டு வந்த ஓட்டையில் போய் நின்றுகொண்டிருப்பார். நம்ம பாஷை பேசுகிற ஓர் ஆள் டிரெஸ்ஸிங் ரூமில் இருக்கிறார் என்பதும் எங்களுக்குச் சின்ன விஷயம் இல்லை. கடையில் இந்த ஜூலையிலிருந்து 'எட்வின்' என்று ஆறு ஜெர்சி போட்டுவிட்டேன். கணேஷுக்கு அப்புறம் ஒரு தமிழ்ப் பையன் பெயரைச் சென்னையின் நீலச் சட்டையில் இத்தனை தடவை அழுத்தியது இப்போதுதான்.

இதில் இன்னொரு கணக்கு இருக்கிறது. 2021-22இல் ஜாம்ஷெட்பூரை ஷீல்டு வாங்க வைத்தவர் இதே காய்ல். இப்போது வந்திருக்கும் ஜிதேந்திரா, லால்தின்புயா, நைஜீரியாவின் டேனியல் சீமா மூவருமே அந்த ஷீல்டு அணியில் அவரிடம் ஆடியவர்கள். அவர் எப்படி ஓடச் சொல்வார், எப்போது ஏறச் சொல்வார் என்று புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. 2019 டிசம்பரில் தட்டுத்தடுமாறிக் கிடந்த நம்ம அணியை நடுவில் வந்து எடுத்து இறுதி ஆட்டம் வரை கொண்டுபோனவர் அவர். இங்கிலாந்தில் பர்ன்லி என்ற சின்ன ஊர் அணியை 2009இல் பிரீமியர் லீக்குக்கு ஏற்றியவரும் அவர்தான். பெரிய பெயர் இல்லாத ஆட்களை வைத்துக்கொண்டு வேலை வாங்குவது அவருக்குப் பழக்கம்.

வெளிநாட்டுக்காரர்களும் நீங்கள் எழுதிய அளவுக்கு மோசம் இல்லை. வில்மர் ஜோர்டான் கில் கொலம்பியா, நார்த் ஈஸ்டிலும் பஞ்சாபிலும் ஆடி இந்த லீக்கின் வெயிலும் வேகமும் தெரிந்தவர். சீமாவும் எல்சின்யோவும் அப்படித்தான். புதிதாக வந்து மூன்று மாசம் தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் கஷ்டப்படுகிறவர்கள் இல்லை. கேப்டன் ரயன் எட்வர்ட்ஸ் தொடர்கிறார். கானர் ஷீல்ட்ஸ் தொடர்கிறார். ஷீல்ட்ஸை ஒரு தடவையாவது நேரில் பார்க்க வேண்டும். தொண்ணூறாவது நிமிஷத்திலும் பந்தை இழந்தால் அவனே திரும்பி ஐம்பது கஜம் ஓடி வந்து பிடுங்குவான்.

குறையும் இருக்கிறது, மறைக்க மாட்டேன். முதலாவது, கோல் காவல். நவாஸா, சமிக் மித்ராவா என்று முதல் நாளே முடிவு பண்ணி ஒருவரை நம்பி நிறுத்த வேண்டும். இரண்டு ஆட்டத்துக்கு ஒரு தடவை மாற்றினால் பின்வரிசைக்கும் கீப்பருக்கும் பேச்சு அமையாது. இரண்டாவது, இடது பேக். ஆகாஷ் சங்வான் கோவா போய்விட்டார். மந்தாருக்கு அனுபவம் இருக்கிறது, ஆனால் வயசு முப்பதைத் தாண்டிவிட்டது. வேகமான விங் வந்தால் தாங்குவாரா என்ற கவலை எனக்கு இருக்கிறது. மூன்றாவது, எல்லாரும் புதுசு. இத்தனை பேர் ஒரே நேரத்தில் வந்தால் முதல் ஐந்தாறு ஆட்டம் ஒருவர் காலில் ஒருவர் இடித்துக்கொள்வார்கள். அந்த நேரத்தில் போன வருஷம் மாதிரி மூன்று ஆட்டத்தை வரிசையாக விட்டால் அப்புறம் மார்ச் வரைக்கும் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

மற்ற அணிகளையும் பார்ப்போம். மோகன் பகான்தான் எல்லாருக்கும் மேலே, அதில் எனக்கும் உங்களுக்கும் சண்டை இல்லை. ஆனால் நீங்கள் சொன்ன காரணம் ஜேமி மெக்லாரன். ஆஸ்திரேலியாவில் கோலாகப் போட்டுத் தள்ளியவர், சரி. என் காரணம் மும்பையிலிருந்து அவர்கள் எடுத்துக்கொண்ட அபுயா. நடுவில் அபுயா, பக்கத்தில் தாபா, ஓரத்தில் லிஸ்டன், மன்வீர். இந்திய அணியின் பாதி அங்கே உட்கார்ந்திருக்கிறது. மும்பை போன மே மாசம்தான் அதே சால்ட் லேக்கில் மோகன் பகானை 3-1 என்று அடித்துக் கோப்பை வாங்கியது. இப்போது அபுயா இல்லை, கிரெக் ஸ்டூவர்ட் போன சீசன் நடுவிலேயே போய்விட்டார், பெரேரா தியாஸும் நோகுவேராவும் பெங்களூருக்குப் போய்விட்டார்கள். மும்பை கொஞ்சம் இறங்கும், பெங்களூரு நன்றாக ஏறும். போன தடவை பத்தாவதாக வந்த அணி என்று பெங்களூரை நீங்கள் கீழே போட்டிருக்கிறீர்கள். சேத்ரி ஜூன் மாசம் இந்தியச் சட்டையைக் கழற்றிவிட்டார், 94 கோலுடன். 40 வயசு. இனி அவருக்கு நாட்டுக்கும் கிளப்புக்கும் நடுவே ஓடுகிற ஓட்டம் இல்லை, முழுக்கக் கிளப்புக்குத்தான். அவரைக் கடைசி அரை மணி நேரம் இறக்கினால்கூடப் போதும். காரைக்குடிப் பக்கத்துப் பையன் சிவசக்தி நாராயணனும் அங்கேதான் இருக்கிறார், அவருக்கு நிறைய ஆட்டம் கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை.

கோவா எப்போதும் போல மேலேதான் இருக்கும். மனோலோ மார்க்கெஸ் இந்திய அணிக்கும் சேர்த்து கோச் ஆகியிருக்கிறார், இரண்டு வேலையும் எப்படி ஓடும் என்பதுதான் கேள்வி. ஒடிசாவில் லொபேரா இருக்கும் வரைக்கும் அவர்களைத் தள்ள முடியாது. கேரளாவுக்கு இவான் வுகோமனோவிச் போன பிறகு புது கோச், கோல் அடித்துக் கொடுத்த தியமன்டாகோஸ் ஈஸ்ட் பெங்காலுக்குப் போய்விட்டார். கொச்சியில் மஞ்சள் கூட்டம் குறையாது, ஆனால் அந்தக் கூட்டத்துக்குத் தகுந்த பின்வரிசை அவர்களிடம் இல்லை. ஈஸ்ட் பெங்காலில் நம்ம சென்னைப் பையன் நந்தகுமார் சேகர் இருக்கிறார். போன வருஷம் டுராண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக அவர் போட்ட ஒரே கோலில் டெர்பியை ஜெயித்தார்கள். அன்றைக்குக் கொல்கத்தாவில் பாதி ஊர் அவர் பெயரைக் கத்தியது. இந்த ஊரில் எத்தனை பேப்பரில் அவர் படம் வந்தது?

நார்த் ஈஸ்டை எல்லாரும் கவனிக்க வேண்டும். போன மாசம் 31ஆம் தேதி டுராண்ட் இறுதி ஆட்டத்தில், மோகன் பகான் ஊரில், இடைவேளைக்கு 2-0 என்று பின்னால் இருந்து, 2-2 ஆக்கி, பெனால்டியில் ஜெயித்தார்கள். அவர்களுக்கு அதுதான் முதல் கோப்பை. ஏப்ரலில் நமக்கும் அவர்களுக்கும் நடுவே ஒரு புள்ளிதான் என்பதை மறந்துவிடக் கூடாது. பஞ்சாபும் ஜாம்ஷெட்பூரும் யாரையாவது ஒரு நாள் கவிழ்க்கும். ஹைதராபாத் பாவம், போன சீசன் சம்பளப் பிரச்சினையில் வீரர்கள் எல்லாம் கலைந்து 8 புள்ளியோடு கடைசி, இந்தத் தடவையும் கஷ்டம்தான். முகமதன் ஸ்போர்டிங் ஐ-லீக் ஜெயித்து இப்போதுதான் முதல் தடவையாக உள்ளே வருகிறார்கள். 1891இல் ஆரம்பித்த கிளப். அவர்களைச் சின்ன அணி என்று நினைத்து இறங்கினால் அடி வாங்குவோம்.

ஆக, என் கணிப்பு: முதல் இரண்டு இடம் மோகன் பகானும் கோவாவும், நேராக அரையிறுதி. மூன்றிலிருந்து ஆறுக்குள் பெங்களூரு, ஒடிசா, நார்த் ஈஸ்ட், நம்ம சென்னையின். நான் ஐந்தாவது என்று நினைக்கிறேன். கோப்பை என்று சொல்லவில்லை. ஆனால் ஒன்பதாவது என்று எழுதியதை ஒத்துக்கொள்ளவும் மாட்டேன்.

கோப்பை கிடைக்காது என்று எழுதும்போதும் 2015 ஞாபகம் வராமல் இல்லை. அந்த டிசம்பர் வெள்ளத்தில் கடைக்குள் இடுப்பளவு தண்ணீர். ஹீட் பிரஸ், துணி மூட்டை எல்லாம் போய்விட்டது. சென்னையில் நடக்க வேண்டிய அரையிறுதி முதல் ஆட்டத்தை புனேவுக்கு மாற்றினார்கள். சொந்த ஊர் ஆட்டத்தை வேற்று ஊரில் ஆடி கொல்கத்தாவை 3-0 என்று ஜெயித்தார்கள். டிசம்பர் 20ஆம் தேதி இறுதி ஆட்டம், கோவாவில் கோவாவுக்கு எதிராக. எங்கள் வீட்டு டிவி தண்ணீரில் போய்விட்டதால் எதிர் மாடியில் இருக்கும் அக்கா வீட்டில் போய்ப் பார்த்தோம். பத்துப் பதினைந்து பேர் தரையில் உட்கார்ந்திருந்தோம். துவைத்தும் சேற்று வாடை போகாத போர்வை விரித்திருந்தார்கள். 87ஆவது நிமிஷத்தில் கோவா 2-1 என்று முன்னால் போனதும் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். அந்த அக்கா மட்டும், 'உட்காருங்கப்பா, இன்னும் விசில் அடிக்கலையே' என்றார். 90ஆவது நிமிஷம் கோவா கீப்பர் கட்டிமானியின் கையிலேயே பட்டு பந்து உள்ளே போனது. இரண்டு நிமிஷம் கழித்து ஸ்டீவன் மெண்டோசா மூன்றாவதைப் போட்டார். அந்த மாசம் எங்கள் தெருவில் எல்லாரும் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான். மறுநாள் காலையில் கடையில் காய்ந்திருந்த சேற்றைச் சுரண்ட நாலு பசங்கள் தாங்களாகவே வந்தார்கள்.

அதனால் உங்களிடம் இரண்டே இரண்டு கேட்கிறேன். ஒன்று, நம்ம அணி ஆடுகிற நாளில் எத்தனை மணிக்கு ஆட்டம், எந்தச் சேனல் என்பதையாவது காலைப் பதிப்பில் போடுங்கள். இங்கிலாந்தில் நடக்கிற ஆட்டத்துக்கு அட்டவணை போட இடம் இருக்கிறது. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் பலருக்கு இன்னும் பேப்பர்தான் வழி. போன ஏப்ரலில் கோவாவுடன் நடந்த பிளேஆஃப் ஆட்டத்துக்கு, நாலு வருஷம் கழித்து வந்த பிளேஆஃபுக்கு, உங்கள் பேப்பரில் மறுநாள் நாலு வரிதான் இருந்தது. கோல் போட்டது யார் என்றுகூட இல்லை. லாசர் சிர்கோவிச் என்று நான்தான் டீக்கடையில் ஐந்தாறு பேருக்குச் சொன்னேன்.

இரண்டு, ஒரு நிருபரை ஸ்டேடியத்துக்கு அனுப்புங்கள். 13ஆம் தேதி கொல்கத்தாவில் மோகன் பகானும் மும்பையும் ஆடி சீசன் தொடங்குகிறது. 14ஆம் தேதி சனிக்கிழமை நாம் புவனேஸ்வரில் ஒடிசாவுடன். போன வருஷமும் முதல் ஆட்டம் அங்கேதான், 2-0 என்று தோற்றோம். இந்தத் தடவை அங்கே ஒரு புள்ளி கிடைத்தாலே எனக்கு நிம்மதி. இங்கே முதல் ஆட்டம் 26ஆம் தேதி வியாழக்கிழமை, முகமதனுடன். நேரு ஸ்டேடியத்தில் ஓட்டப்பந்தயத் தடம் நடுவில் இருப்பதால் பந்து கொஞ்சம் தூரத்தில்தான் தெரியும். பி ஸ்டாண்டின் மேல் வரிசையில் உட்கார்ந்தால் ஆட்டத்தின் அமைப்பு முழுக்கத் தெரியும். பிரஸ் பாக்ஸை விட்டு ஒரு பாதி அங்கே வந்து உட்காரச் சொல்லுங்கள். டிரம் சத்தம் பழகிவிடும்.

அன்றைக்கு நான் நாலு மணிக்கே கடையைச் சாத்திவிடுவேன். எட்வின் பெயர் போட்ட ஆறு பசங்களும் என்னோடு வருகிறார்கள்.

இப்படிக்கு,
ஜெர்சி பிரிண்டிங் கடைக்காரர்,
வியாசர்பாடி, சென்னை - 39